ஒரு மாதிரி

காலரைத் தேய்த்து முடித்துச் சட்டையின் இடது கையைப் பலகைமேல் விரித்தபோதுதான் அந்தக் கறை அவள் கண்ணில் பட்டது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பயறு அளவுக்கு, கிரீஸ். அப்பாவின் நல்ல சட்டையிலும் கிரீஸ் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட அந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் ஒரு நடை ஏறி இறங்கிப் பார்க்காமல் வரமாட்டார் மனிதர். தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். போகவில்லை. மறுபடியும் தெளித்தாள். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், அதற்குள் துணி அங்கே போய்ச் சேர வேண்டும். அவள் கணவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். சீக்கிரம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கூடத்தில் அம்மா செத்துப்போனவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குழாய் சொட்டினா சொல்லத் தெரியும். சாப்பாட்டுல உப்புக் கம்மின்னா சொல்லத் தெரியும். நெஞ்சு நிக்கப் போகுதுன்னா மட்டும் வாய்க்குப் பூட்டு."

"அண்ணனுக்கே தெரிஞ்சிருக்காது அண்ணி," என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை.

"எப்படித் தெரியாம போகும்? எவன் வீட்டு லிஃப்ட்டுலயோ ஒரு திருகு லூசானா இவருக்கு இங்க படுத்திருந்தாலே தெரியும். தன் உடம்பு தெரியாதா? தெரியும். சொல்லக் கூடாதுன்னு ஒரு அழுத்தம். முப்பத்தி நாலு வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு வார்த்தை மிச்சம் வெச்சிட்டுப் போகணும்னு தோணல பாரு."

நேற்று மத்தியானம் தகவல் வந்ததிலிருந்து அம்மா அழவில்லை. திட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள், வந்தவர்களும் தலையாட்டினார்கள். ஆமாம், கொஞ்சம் அழுத்தக்காரர்தான், எதையும் உள்ளேயே வைத்துக்கொள்வார். இன்று காலைக்குள் அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட சங்கதியாகிவிட்டது: வலியை மறைத்தார், அதனால் போனார். மறுத்துப் பேச அவர் இல்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அப்பா மறைக்கவில்லை. நேற்று காலை பத்து நாற்பதுக்கு அவளுக்குப் போன் செய்து சொன்னார். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "ஒண்ணும் சொல்லல சார்," என்றாள். அவள் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் வேலை. ஒரே கம்பெனி, ஒரே கூட்டாளி. கூட்டாளியை அப்பா 'நெட்டை' என்று கூப்பிடுவார், அதனால் அவளுக்கு அவர் நெட்டை மாமா. அப்பா குள்ளம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் கட்டடத்துக் காவலாளிகள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். லிஃப்ட்டில் தனியாக ஒரு ஆள் வேலை பார்க்க முடியாது. ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் இருக்கும் அறையில், இன்னொருவர் கீழே லிஃப்ட் வந்து இறங்கும் பள்ளத்தில். குள்ளம் மேலே, நெட்டை கீழே. அதிலேயே ஆயிரம் கேலி உண்டு.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கம்பெனிப் புத்தகத்தில் இல்லாதது. இருவரில் யாராவது ஒருவர் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து லிஃப்ட்டை நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்திய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அதற்கு முன்னால் ஒரு கேள்வி கிடையாது. முப்பத்தோரு வருஷத்தில் நான்கு முறை அது சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு முறை பிரேக்குக்குள் ஒரு போல்ட் முக்கால்வாசி அறுந்து நின்றது. இன்னொரு முறை இரும்புக் கயிறு உள்பக்கமாகவே நைந்திருந்தது. மற்ற இரண்டு முறை தலைகீழாக நின்று தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் சட்டத்தை மாற்றிவிடவில்லை.

கம்பெனியில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட்டை நிறுத்தினால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். அப்பா எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டனுப்பினாராம்.

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரிய்யா?"

"தெரிஞ்சா அதோட பேரைச் சொல்லிடுவேனே சார்."

இதை அப்பா வீட்டில் நடித்துக் காட்டுவார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுவரை காட்டுவார்.

வெளியில் அவ்வளவு மரியாதை வாங்கிக் கொடுத்த வார்த்தையை வீட்டில் அம்மா கண்டபடி செலவழித்தாள். அவளுக்குப் பால் ஒரு மாதிரி இருக்கும். எதிர்வீட்டுக்காரியின் பார்வை ஒரு மாதிரி. புதுத் திரைச்சீலை இந்தச் சுவருக்கு ஒரு மாதிரி. அப்பாவால் பொறுக்க முடியாது. "திரிஞ்சு போச்சுன்னு சொல்லு. பொறாமைன்னு சொல்லு. நிறம் சேரலன்னு சொல்லு. அதுக்கெல்லாம்தான் பேர் இருக்கே. பேர் இருக்கிறதுக்கெல்லாம் அந்த வார்த்தையை இழுக்காத."

"ஆமா, பெரிய மந்திரம் பாரு. நான் சொல்லித் தீந்துடப் போகுது," என்பாள் அம்மா.

அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கணக்குப் பரீட்சையன்று காலையில், "அப்பா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு," என்றாள். வயிற்றுவலி என்று சொன்னால் அம்மா மருந்து கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவாள் என்று தெரிந்துதான் இதைச் சொன்னாள். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. மாட்டியிருந்த சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். கம்பெனிக்குப் போன் செய்து லீவு சொன்னார். டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல் சாயங்காலம் வரைக்கும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் அவளே பொய்யென்று சொல்லி அழுதாள். அவர் கோபப்படவில்லை. பரீட்சையைப் பற்றிப் பேசவே இல்லை. "வேற எதை வேணா சொல்லு. அதை மட்டும் பொய்க்குச் சொல்லாத," என்றார்.

"அப்படின்னா என்னப்பா?" என்று அன்றைக்குத்தான் கேட்டாள்.

அப்பா யோசித்தார். "சத்தம் சரியா இருக்கும். வேகம் சரியா இருக்கும். கையை வெச்சுப் பாத்தா சூடும் சரியா இருக்கும். ஆனா அது நம்ம லிஃப்ட்டா இருக்காது. தெரிஞ்சவங்க முகத்துலருந்து வேற யாரோ நம்மளைப் பாக்கற மாதிரி."

"பயமா இருக்குமா?"

"பயம் இல்ல. பயம்னா எதைப் பாத்துன்னு தெரியுமில்ல."

வளர்ந்து அவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காதில் ஹெட்போன், முன்னால் திரை, திரையில் ஏழு கேள்விகள். நெஞ்சு வலிக்கிறதா? கை, தாடை, முதுகு? மூச்சு வாங்குகிறதா? வேர்க்கிறதா? மயக்கம் வருகிறதா? இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று கட்டம். ஏழுக்கும் இல்லையென்றால் திரை பச்சையாகிவிடும், ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போக வேண்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: போன் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் 'ஒரு மாதிரியா இருக்கு' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதற்குக் கட்டம் கிடையாது, எங்கே, என்ன என்று கேட்டு வரவழைக்க வேண்டும். அவள் அதில் கெட்டிக்காரி. சராசரி இரண்டு நிமிடத்தில் ஒரு ஆளின் உடம்பை ஏழு கட்டத்துக்குள் அடைத்துவிடுவாள். இதை அவள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர், "அப்ப எட்டாவது கட்டம் ஒண்ணு போடச் சொல்லு," என்று சிரித்தார்.

நேற்று டீ இடைவேளையில் நடைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் போன் வந்தது.

"வேலையா இருக்கியாம்மா?"

"இல்ல, சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல. ஒரு மாதிரியா இருக்கு."

"எது, லிஃப்ட்டா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். "இல்லம்மா. எனக்குத்தான்."

அவள் கேட்க ஆரம்பித்தாள். முன்னால் திரை இல்லை, ஆனாலும் கேள்விகள் அதே வரிசையில் வந்தன, முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் அதே இனிப்பான, அவசரக் குரலில் வந்தன. நெஞ்சு வலிக்குதா? இல்ல. கை, முதுகு? இல்லம்மா. மூச்சு வாங்குதா? வேர்க்குதா? இல்ல, இல்ல. வலியெல்லாம் எங்கயும் இல்லம்மா.

"அப்ப என்னதாம்பா பண்ணுது? சொன்னாத்தானே தெரியும்?"

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியலம்மா. என்னமோ, நான் மாதிரியே இல்ல."

"தூங்கியிருக்க மாட்டீங்க. தண்ணி குடிச்சிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உக்காருங்க. சாயங்காலம் நான் வந்து பிரஷர் பாக்கறேன்."

"சரிம்மா. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"சாப்பிடு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் போய்ச் சாப்பிட்டாள். பசி இருந்தது. நேற்றிலிருந்து அவளால் நினைத்துப் பார்க்க முடியாமல் இருப்பது அதைத்தான்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்க்கலாமே என்று வாங்கும்போதே அம்மா கேட்டாள். "வீட்டுக்கு வந்தும் அதைப் பாக்கணுமா?" என்றார் அப்பா. இரண்டரைக்கு வண்டி வந்தபோது உடம்பை மேலே தூக்கிவர முடியாது என்று தெரிந்தது. படிக்கட்டின் திருப்பம் குறுகல். கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வைத்தார்கள். கட்டடத்துக்காரர்கள் வந்து தலைமாட்டில் நின்றுவிட்டுப் போனார்கள். அம்மா அதற்கும் திட்டினாள்: "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேல ஏத்தி இறக்கினீங்க. உங்களை வீட்டுக்குள்ள கொண்டுவர வழி இல்ல பாத்தீங்களா."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தலையை யாரோ பக்கவாட்டில் வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். அப்பா வகிடே எடுக்கமாட்டார். மூக்கு சரியாக இருந்தது, நெற்றித் தழும்பு சரியாக இருந்தது, சட்டை அவள் தேய்த்த சட்டைதான். எல்லாம் சரியாக இருந்தும் அவருடையதாக இல்லை. அப்பா சொன்னது அவளுக்கு இப்போது புரிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டை மாமா அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். கம்பெனிச் சட்டையிலேயே வந்திருந்தார்.

"ஒரு நிமிஷம் வரியாம்மா?"

மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகள் இருக்கும் மூலைக்குப் போனார்கள்.

"காலையில, நேத்து நாங்க வேலை பாத்த கட்டடத்துக்குப் போயிட்டு வரேன். மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். பிரேக், கயிறு, கதவு, ஒண்ணு விடாம. லிஃப்ட்டுல ஒரு குறையும் இல்லம்மா."

"ம்."

"பின்ன எதுக்கு மெயினை நிறுத்தினான்?"

அவள் மீட்டர் பெட்டிகள் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"நான் கீழ பள்ளத்துல இருந்தேன். பத்தே முக்காலுக்கு டப்புனு நின்னுது. மெயின் நின்னா நாங்க ஏன்னு கேக்கறதில்ல, உனக்குத்தான் தெரியுமே. அவனே குரல் குடுப்பான்னு உக்காந்திருந்தேன். போன்ல மேட்ச் ஸ்கோர் பாத்துட்டு உக்காந்திருந்தேம்மா, அரை மணி நேரம்." அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம்தான் ஏறிப் போனேன். சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தான். தண்ணி பாட்டில் மூடி கழட்டி, பாதி குடிச்சிருந்தான். முப்பத்தோரு வருஷமா பாக்கறேன், வேலை நேரத்துல அவன் உக்காந்ததே இல்ல."

தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொன்னது அவள்தான். அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். அதற்கு முன்னால் லிஃப்ட்டையும் நிறுத்தியிருக்கிறார், தன் கையை நம்பி ஜனங்களை ஏற்றி இறக்கக் கூடாது என்று.

"உங்கிட்ட ஏதாவது பேசினானா?" என்று நெட்டை மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். கல்லுளிமங்கன்," என்றார். அம்மாவின் கட்சியில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார்.

நாலரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தார்கள். கீழே மேசைகளை அவற்றின் சொந்தக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் அந்த இடத்தில் நின்றது. அத்தை எல்லோருக்கும் காபி போட்டாள். சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாள்.

அம்மா படுக்கையறையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து அதிலிருந்த வேலைச் சட்டையை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாரு, பையில சீப்பு, பேனா, பிளேடு. இதையெல்லாம் மறக்காம எடுத்துட்டுப் போகத் தெரியுது," என்று அம்மா சட்டையைப் பார்த்துச் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மட்டும்—"

"அம்மா, அப்பாவைத் திட்டாத."

"நான் திட்டாம வேற யாருடி திட்டுவா? எவ்வளவு வலிச்சிருக்கும். பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்திருப்பாரு ஒண்டியா, அந்த மோட்டார் பக்கத்துல. ராத்திரி பூரா எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள. ஐயோன்னுகூடக் கத்தாம—"

"சொன்னாரும்மா."

அம்மா நிமிர்ந்தாள்.

"அப்பா சொன்னாரு. எனக்குப் போன் பண்ணினாரு. பத்து நாப்பதுக்கு."

அம்மாவின் கை சட்டைமேல் அப்படியே நின்றது. அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அடி விழுந்தாலும் பரவாயில்லை, விழுந்தால் நல்லது என்றே நினைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒரு மாதிரியா இருக்குன்னு."

"அந்த வார்த்தையையா?"

"ம்."

"அவரு வாயால?"

"ஆமாம்மா."

கூடத்தில் யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா மெதுவாக, "எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லு," என்றாள்.

"சாதாரணமாத்தாம்மா. ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சு. கொஞ்சம் சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"நான் லிஃப்ட்டான்னு கேட்டேன். அதுக்கு."

"நீ அப்புறம் என்ன கேட்ட?"

இதுதான் அந்த இடம். "எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

"எங்கன்னாரு?"

"எங்கயும் இல்லன்னாரு."

"நெஞ்சு?"

"இல்ல."

"கையி? முதுகு?"

"எல்லாம் கேட்டேம்மா. எங்கயும் வலி இல்லன்னாரு. அதனாலதாம்மா நான்—"

"எங்கயுமேவா?"

"ம். அதனால நான் என்ன பண்ணினேன்னா—"

"வலிக்கலையா அவருக்கு?"

அம்மாவின் முகம் கோணியது. சட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து தேங்கியிருந்த அழுகை முழுவதும் அந்தச் சட்டைக்குள் போனது. அவள் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலையாம், வலிக்கலையாம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தொண்டை வரைக்கும் வந்திருந்த வாக்கியம் அங்கேயே நின்றது. மேலே ஏறவில்லை, கீழே இறங்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

"கேட்டியா, அவருக்கு வலியே இல்லையாம்," என்று அத்தையிடம் சொன்னாள். "கடைசியா பொண்ணுகிட்ட போன்ல பேசியிருக்காரு. எங்கயும் வலிக்கலன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்காரு. சிரிச்சாராம்."

அத்தை வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ கேட்டது நல்லதாப் போச்சுடி. நீ கேக்கலன்னா நமக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்றாள். அவள் கணவன் ஆறுதலாகப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாருக்கும் கோபமில்லை. அப்பாவின்மேலும் இல்லை, அவள்மேலும் இல்லை. அழுத்தக்காரர் என்ற பட்டத்தை அரை நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்துவிட்டார்கள். இதைத்தான் அவள் விரும்பினாள். விரும்பியது கிடைத்துவிட்டது, அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

வாசலுக்கு வந்தாள். நெட்டை மாமா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கால்களை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் படிக்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"பேசினானா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"ம். அப்போ உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் மாமா."

"எத்தனை மணிக்கு?"

"பத்து நாப்பதுக்கு."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. பத்து நாற்பது, பத்தே முக்கால்.

"வலிக்கலன்னு சொல்லவா போன் பண்ணினான்?"

"இல்ல."

"பின்ன?"

அவள் சொன்னாள். அதே மூன்று சொற்கள். அப்பா சொன்ன மாதிரியே சாதாரணமாகத்தான் வந்தது. நெட்டை மாமா கண்களை மூடிக்கொண்டார். கைப்பிடியைப் பற்றியிருந்த அவர் விரல்களில் நகக்கண்கள் கறுப்பாக இருந்தன. நீ என்ன பண்ணினே என்று அவர் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். சொல்லிவிடத் தயாராக, வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டு, நின்றாள்.

அவர் கேட்கவில்லை.

உள்ளே அம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நேற்றையதைவிடத் தணிந்த குரல். நடுவில் வாயை எட்ட எடுத்து வாசல் பக்கமாகக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, எங்கயும் வலிக்கலன்னுதானே சொன்னாரு?"

"ஆமாம்மா," என்று அவள் குரல் கொடுத்தாள்.

நெட்டை மாமா கால்களை இழுத்து மடக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் கடைப் பைகளோடு மேல்மாடிக்காரர் ஏறி வந்தார். அவர் போவதற்காக இருவரும் முழங்கால்களை ஒரு பக்கமாகச் சாய்த்து வழி விட்டார்கள்.